காதுக்கு மூன்றில் ஒரு பங்கு

இரண்டு காதுகளின் விலை, கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு. ஒற்றைக் காது தனியாகக் கொடுக்கப்பட மாட்டாது.

தகரப் பட்டறையின் நடுவில் நின்றுகொண்டு தங்கை இந்த விலையைச் சொன்னபோது பகல் பதினோரு மணி. எதிரே அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேர். பெரியண்ணன் கையைக் காதருகே குவித்து, "ஆங்?" என்றார். சின்னண்ணன் எல்லாம் விளங்கிவிட்டவர் போல் தலையை ஆட்டி, "அதுக்கென்ன, தாராளமா எடுத்துக்க" என்றார். எதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

அவளுக்கு இது பழகிப்போன சங்கதி. இருபத்திரண்டு வருஷமாகத் தகட்டின் மேல் சுத்தியல் போட்டுப் போட்டு இரண்டு பேருடைய செவியும் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. பட்டறையில் வேலை பார்த்த பன்னிரண்டு பேருக்கும் அதே கதிதான். அங்கே யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். கத்தியும் ஏறாத விஷயம் என்றால், கைக்குக் கிடைத்த தகட்டில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவார்கள். லீவு, சம்பளம், சண்டை, சமாதானம் எல்லாம் தகட்டில்தான். ஒரு தடவை பெரியண்ணி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன சேதி, பெயின்டுக்காகக் காத்திருந்த ஒரு பெட்டியின் மூடியில் ஆறு நாள் கிடந்தது. கணவர் ஏழாம் நாள்தான் படித்தார். பெயின்ட் அடிக்கிறவர் அதுவரைக்கும் மரியாதைக்காக அந்த மூடியைத் தொடாமல் வைத்திருந்தார்.

தங்கை ஒரு தகட்டை இழுத்துச் சுவரில் சாய்த்து, கொட்டை எழுத்தில் எழுதினாள்: "என் காது வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு."

பெரியண்ணன் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். சின்னண்ணன் ஒரே பார்வையில் படித்து முடித்து, "பகல் கொள்ளை!" என்று கத்தினார். சாதாரணமாகவே கத்துகிறவர் என்பதால் கோபம் எவ்வளவு என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

அண்ணன்மார் தங்கையின் காதுக்காக வந்து நிற்கவேண்டிய நிலை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு அந்தக் கம்பெனிக்கு நாலு ஷெட்டும் மூன்று லாரியும் இருக்கின்றன. அந்தக் கம்பெனி செய்த சாம்பல் நிற இரும்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு குமாஸ்தாவாவது யாரையாவது "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பாத நாளே கிடையாது. அன்றைக்கு அது வெறும் பெட்டிப் பட்டறை. பயணத்துக்குக் கொண்டுபோகிற இரும்புப் பெட்டி, துணி வைக்கிற இரும்புப் பெட்டி, கல்யாணத்துக்கு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி மறந்துவிடுகிற இரும்புப் பெட்டி. அண்ணன்மார் செய்வார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த கடையில் தங்கை உட்கார்ந்து விற்பாள். பட்டறைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு ரோடும் இரண்டு சுவரும் இருந்ததால் அவள் காது தப்பியது.

தப்பியது மட்டுமல்ல, தேறியது. பதினாலு வருஷம் கடையில் உட்கார்ந்த காலத்தில் எந்தப் பெட்டியையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். தகடு எத்தனை கனம், எந்த மூலையில் ரிவெட் தளர்ந்திருக்கிறது, வாங்க வந்தவன் மூக்கால் அழுதால் எவ்வளவு வரைக்கும் இறங்கலாம் என்று மூன்றையும் சொல்லிவிடுவாள். வாங்குகிறவர் பேரைச் சின்னத் தகட்டில் உளியால் எழுத்தெழுத்தாகக் குத்திப் பெட்டியில் பதிப்பதும் அவள்தான். இத்தனைக்கும் அவளுக்குக் கிடைத்தது மாதச் சம்பளம். பங்கு என்ற பேச்சை எடுக்கும்போதெல்லாம், "நீ இன்னொரு வீட்டுக்குப் போனவம்மா" என்று பெரியண்ணன் பாசத்தோடு சொல்வார். இன்னொரு வீடு என்பது நாலு கடை தள்ளி இருந்த தொப்பிக் கடை. அவள் கணவர் காவலாளிகளுக்கும் தபால்காரர்களுக்கும் கம்பளித் தொப்பி தைக்கிறவர்.

பெட்டி வியாபாரம் படுத்துக்கொண்டிருந்தது. இலேசான சூட்கேஸ் வந்துவிட்ட பிறகு இரும்பை யார் சுமப்பார்கள்? அந்த நேரத்தில் கடைக்கு ஒரு குமாஸ்தா வந்தார். ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. கரையான் மூன்று வருஷத்துப் பத்திரங்களைத் தின்றுவிட்டதாம். மேசை இழுப்பறைகளையும் சேர்த்துத் தின்றுவிட்டதாம். காகிதங்களை வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்றார்.

"உங்க ஆபீஸ்ல மொத்தம் எத்தனை மேசை?" என்று தங்கை கேட்டாள்.

"நாற்பது."

"அப்ப பெட்டி எதுக்கு? மேசையையே இரும்புல செஞ்சு தர்றோம். கரையான் வந்தா பல்லு உடைஞ்சு திரும்பிப் போகட்டும்."

யோசனை அவளுடையது. ஆனால் யோசனைக்கு யாரும் பங்கு கொடுப்பதில்லை. அண்ணன்மார் பத்தே நாளில் மாதிரி மேசை ஒன்று செய்தார்கள். மூன்று இழுப்பறை, வழவழவென்ற மேல்தகடு, கண்ணாடி போலப் பெயின்ட். அழகில் குறை சொல்ல ஆள் பிறக்கவில்லை. அந்தத் தெம்பில் சின்னண்ணன் மேலும் முப்பத்தொன்பது மேசைக்குத் தகட்டை வெட்டியே வைத்துவிட்டார். மேசைக்கு வெட்டிய தகடு பெட்டிக்கு ஆகாது. ஆர்டர் கையை விட்டுப் போனால் பட்டறையை மூடிச் சாவியைக் கரையானிடமே கொடுத்துவிட்டுப் போகலாம்.

மாதிரியை ஆபீசுக்குக் கொண்டுபோனது அண்ணன்மார் மட்டும். தங்கை கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு அந்தக் குமாஸ்தா சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். கூடத்தில் நாற்பது டைப்ரைட்டர். தலைமை டைப்பிஸ்ட் ஓர் அம்மாள். படிக்க ஒரு மூக்குக்கண்ணாடி, முறைக்க ஒரு மூக்குக்கண்ணாடி என்று இரண்டு வைத்திருப்பவர். அவர் புது மேசையில் தன் டைப்ரைட்டரை வைத்தார், காகிதத்தைச் சொருகினார், "அன்புடையீர்" என்று அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு எழுத்துக்கும் மேசை அண்டா விழுந்த மாதிரி அதிர்ந்தது. மற்ற முப்பத்தொன்பது டைப்ரைட்டரும் நின்றுபோயின. உள்ளறையிலிருந்து மேனேஜர் ஓடி வந்தார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"இதுல நான் ஒரு கடிதம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள தெருவே திரண்டு வந்துடும்" என்றார் அம்மாள்.

அண்ணன்மார் இரண்டு பேரும் கைகட்டி, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்கள். அவர்கள் காதுக்கு மேசை பூனை மாதிரி இருந்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்த மேசை. பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அது சத்தம் போடும் என்று நினைக்கவில்லை. மேனேஜர் கடைசியில் ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தார்: பத்து நாள் தவணை. சத்தமில்லாத மேசை வந்தால் நாற்பதும் உங்களுக்கு. இல்லையென்றால் மரம்.

திரும்பும் வழியில் காகிதத்தைப் பிரிக்கும் முன்பே சின்னண்ணன், "பிடிச்சுப்போச்சுண்ணே, அத்தனை பேரும் எழுந்து நின்னாங்க பாத்தீங்களா?" என்றாராம்.

ஆகவேதான் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இந்தப் பேரம்.

"பத்துல ஒண்ணு" என்றார் சின்னண்ணன்.

தங்கை தகட்டில் இருந்த எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டாள்.

"எட்டுல ஒண்ணு. சுத்தி பிடிச்சவங்க நாங்க. நிழல்ல உக்காந்தவளுக்கு இதுவே அதிகம்."

இன்னொரு கோடு போட்டாள்.

"ஊர்ல உனக்கு மட்டுந்தான் காது இருக்கா? அண்ணியைக் கூப்பிட்டா ஆச்சு!" அவரே போய்ப் பெரியண்ணியைக் கையோடு அழைத்து வந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினார். கடனுக்கு வாங்கி வந்திருந்த ஒரு பழைய டைப்ரைட்டரில் நாலு தட்டுத் தட்டி, "அண்ணி, சத்தம் எங்கருந்து வருது? சொல்லுங்க" என்றார்.

பெரியண்ணி மேசையைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார், சுவரில் சாய்ந்திருந்த தகட்டைப் படித்தார். "நல்லாவே கேக்குது" என்றார் சாவகாசமாக. "ஆனா எங்கருந்துன்னு சொல்ல மாட்டேன். அவ கேட்டதைக் குடுங்க." பிறகு கணவர் பக்கம் திரும்பி, சாக்பீஸை வாங்கி, அதையே எழுதியும் காட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

பெரியண்ணன் சிரித்துவிட்டார். கறாரான ஆள்தான், ஆனால் எதிராளி கை ஓங்கிவிட்டது என்று தெரிந்தால் ரசிக்கத் தெரிந்தவர். "மேசை பாஸானால் மூன்றில் ஒன்று" என்று அதே தகட்டில் தன் கையால் எழுதி, கையெழுத்தும் போட்டார். தங்கை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் நாள் மேல்தகட்டின் அடியில் செய்தித்தாள் ஒட்டிப் பார்த்தார்கள். அண்டாச் சத்தம் போய் இருமல் சத்தம் வந்தது. மறுநாள் சாக்கு. சத்தம் அடங்கியது, ஆனால் சாக்கு ஒட்டிய மேசை என்பது கரையானுக்கு வைக்கிற விருந்து என்று அவளே வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள் பெரியண்ணன் தாரைக் காய்ச்சிப் பூசினார். "இது என் யோசனை" என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மத்தியான வெயிலில் தார் இளகி அவள் மடியில் சொட்டியது. அதற்குப் பிறகு அந்த யோசனை யாருடையது என்று அவர் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் தொப்பிக்காரர் மனைவிக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்தார். அவள் தட்டிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த கம்பளிக் கட்டை வைக்க இடமில்லாமல் மேசையின் ஒரு பக்கம் வைத்தார். தட்டிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது.

"அதை எடுங்க."

"ஏன், அழுக்கா இருக்கா?"

"எடுங்க. இப்ப வைங்க. மறுபடி எடுங்க."

அவர் எடுத்தார், வைத்தார், எடுத்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் காரணம் கேட்காமல் செய்யப் பழகியிருந்தார்.

"இதுல பூச்சி விழாதா?"

"மருந்துத் தண்ணியில முக்கி எடுத்ததும்மா. தபால்காரர் தலையில பேன் வந்தாலும் வரும், என் கம்பளியில பூச்சி வராது."

"மச்சான்மாருக்கு என்ன விலைக்குக் குடுப்பீங்க?"

"மச்சான்மாருக்கா? முழு விலைக்கு" என்றார் தொப்பிக்காரர். "கல்யாணத்துக்குக் குடுக்கறேன்னு சொன்ன பெட்டியே இன்னும் வரல. பெட்டி செய்யறவங்க வீட்டுல பொண்ணு எடுத்தும் எங்க வீட்டுத் துணி கொடியிலதான் தொங்குது."

கம்பளி வழி காட்டியது. ஆனால் அடிப்பக்கம் முழுக்க ஒட்டினால் மேசையைவிடக் கம்பளிக்கு விலை அதிகமாகும். எந்த இடத்தில் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "வலது ஓரத்துல", "நடுவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்பாள். பெரியண்ணன் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சாக்பீஸால் வட்டம் போடுவார். வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆறாம் நாள் மத்தியானம் வரைக்கும்.

அன்று சின்னண்ணன் பூட்டுத் துவாரத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். இரும்புத்தூள் மேசை மேல் கொட்டிக்கிடந்தது. அவள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவர் அரத்தைக் கீழே போட்டார்.

"ஏய், இது ஓடுது!"

தூள் ஓடியது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் துள்ளியது, ஓரங்களில் துள்ளியது, பிறகு வரிசை கட்டி ஒதுங்கி, சில கோடுகளில் மட்டும் அசையாமல் நின்றது. அவள் "வலது ஓரத்துல" என்று சொல்லியிருந்த அதே இடத்தில்தான் அதிகமாகத் துள்ளியது. சின்னண்ணன் குனிந்து, மூக்கு மேசையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பதினைந்து வருஷமாகக் காதை விட்டுப் போயிருந்த ஒன்று கண்ணுக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தது. "அடி, இன்னும் அடி" என்றார், அதட்டலாக அல்ல. அவள் அடித்தாள். வேலையாட்கள் பன்னிரண்டு பேரும் சுற்றி வந்து நின்று, சத்தத்தைப் பார்த்தார்கள். ஒருவர் கைதட்டினார்.

அது வரைக்கும் நல்ல காட்சி. அடுத்த நிமிஷம் சின்னண்ணனுக்குள் இருந்த வியாபாரி முழித்துக்கொண்டான். எழுந்து போனார். சுவரில் சாய்ந்திருந்த தகட்டின் எழுத்தை முழங்கையால் ஒரே துடைப்பாகத் துடைத்தார். மூன்றில் ஒரு பங்கு அவர் சட்டையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

"உன் காதுக்கு இனி வேலை இல்லம்மா. தூளுக்குப் பங்கு குடுக்க வேண்டியதில்ல."

பெரியண்ணன், "டேய், என்னடா இது" என்றார். ஆனால் தகட்டில் ஒன்றும் இல்லாதபோது அவருடைய குரலிலும் அவ்வளவாக ஒன்றும் இல்லை.

தங்கை எழுந்து, கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டாள். கடையில் வந்து பொருளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களிடம் காட்டுகிற அதே முகம்தான். "அழிச்சது நல்லதாப்போச்சு சின்னண்ணே. சாக்பீஸ் எழுத்து எனக்கும் அவ்வளவாப் பிடிக்கல" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, "டிராயரை இழுத்துப் பாத்தீங்களா?" என்று கத்தினாள்.

"பாக்காம என்ன? வெண்ணெய் மாதிரி வருது!" என்று சின்னண்ணன் ஓர் இழுப்பறையை வெளியே இழுத்து உள்ளே தள்ளிக் காட்டினார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிற்று.

நாயை அவள் பார்த்தாள். சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்லியாயிற்று. இரண்டாவது தடவை சொல்வதற்குக் காசு ஆகும். கடைக்குப் போய் உளிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளங்கை அகலத் தகடு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் பேரைக் குத்துகிற அதே நிதானத்தில் எழுத்தெழுத்தாகக் குத்த ஆரம்பித்தாள். குத்தி முடித்து, தொப்பிக் கடைக்குப் போனாள்.

"என்னங்க, பன்னிரண்டு தொப்பி வேணும்."

"என்ன அளவு தலை?"

கட்டை விரலைக் காட்டினாள்.

பத்தாம் நாள். மேல்தகட்டின் அடியில், தூள் துள்ளிய இடங்களில் மட்டும் கம்பளி ஒட்டி, நடுவில் குறுக்கே ஒரு பட்டை கொடுத்து, இரண்டாவது மேசை ஆபீஸ் கூடத்துக்கு வந்து இறங்கியது. தூளைக் கொட்டித் தட்டினால் தூங்குகிற மாதிரி கிடந்தது என்று சின்னண்ணன் சத்தியம் செய்தார். தங்கையும் கூட வந்திருந்தாள். கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னபோது யாரும் தடுக்கவில்லை. கையில் ஒரு துணிப்பை.

தலைமை டைப்பிஸ்ட் அம்மாள் முறைக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அன்புடையீர்" என்று தொடங்கினார். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி முடிந்தது. மற்ற டைப்ரைட்டர்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. அம்மாள் கண்ணாடியை மாற்றிப் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மேனேஜர் மீசையைத் தடவினார். சின்னண்ணன் தங்கையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

கடிதம் முடிந்தது. அடுத்த காகிதம் எடுக்க அம்மாள் இழுப்பறையை இழுத்தார்.

இரும்பின் மேல் இரும்பு ஏறியது. கூடத்தில் நாற்பது பேருக்கும் பல் கூசிற்று. கடைசி வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். அம்மாள் திடுக்கிட்டு இழுப்பறையை உள்ளே தள்ளினார். அது போய் முட்டிய சத்தத்தில் மேனேஜர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

அண்ணன்மார் இரண்டு பேரும் கைகட்டி, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்கள்.

இம்முறை சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. சின்னண்ணன் முதல்தடவை பட்ட பாட்டுக்குப் பிறகு முகங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். அம்மாள் மறுபடி முறைக்கிற கண்ணாடிக்கு மாறுவதைக் கண்டதும் அவர் சிரிப்பு ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. மெதுவாகத் தங்கை பக்கம் திரும்பினார்.

"என்னாச்சு?" உதடு மட்டும் அசைந்தது. கத்தாமல் அவர் பேசி அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் இழுப்பறையைக் காட்டினாள்.

"தூள் இதைச் சொல்லலையே!"

"டிராயருக்குள்ள தூள் எப்படிண்ணே நிக்கும்? நான் சொன்னேன். நாயும் சொல்லுச்சு."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் தங்கை முன்னால் வந்து, "ஐயா, வேலை இன்னும் முடியல. கம்பெனித் தகடு பதிக்கறது பாக்கி இருக்கு. ரெண்டு நிமிஷம்" என்றாள். பையிலிருந்து உள்ளங்கை அகலத் தகட்டை எடுத்துப் பெரியண்ணன் கையில் வைத்தாள். மேசையின் முகப்பில் கம்பெனித் தகட்டுக்கென்று விட்டிருந்த இரண்டு துளைகளுக்குச் சரியான அளவு.

பெரியண்ணன் படித்தார். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து பெட்டிகளில் பதித்துவந்த தகட்டில் 'அண்ணன் தம்பி' என்று இருக்கும். இதில் ஒரே சொல்: மூவர். எழுத்து ஆழமாக இறங்கியிருந்தது. அவர் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை.

"இங்க வெச்சா கேக்குறே?" என்றார் பெரியண்ணன். அவருடைய கிசுகிசுப்பு கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நாற்பது பேரும் ஆவலாகத் திரும்பினார்கள்.

"பட்டறையில கேட்டேன். சட்டையில ஒட்டிக்கிச்சு."

பெரியண்ணன் ஒரு கணம் தகட்டைப் பார்த்தார், ஒரு கணம் மேனேஜரைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு திருகாணிகளையும் திருப்புளியையும் எடுத்தார். முதல் ஆணியை அவரே முறுக்கினார், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே. இரண்டாவதைச் சின்னண்ணனிடம் நீட்டினார்.

சின்னண்ணன் திருப்புளியை வாங்கவில்லை. தங்கையைப் பார்த்தார். "நாலுல ஒண்ணுன்னா?" என்றார் கடைசித் தடவையாக. அவர் குரலில் நம்பிக்கை இல்லை. கேட்காமல் விட்டால் வியாபாரிக்கு அழகில்லை என்பதற்காகக் கேட்டார்.

"தகட்டுல மூவர்னு குத்தியாச்சு. நாலாவது ஆள் யாருண்ணே? நாயா?"

அவர் ஆணியை முறுக்கினார். ஒழுங்காகவே முறுக்கினார், வேலை என்று வந்துவிட்டால் கோணலாகச் செய்ய அந்தக் கைக்குத் தெரியாது. முடித்துவிட்டு, தலை குனிந்தபடியே, "அந்தத் தகட்டை அழிச்சது தப்புதான்" என்று பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு கூடத்துக்கே சொன்னார்.

தங்கை பையைக் கவிழ்த்தாள். ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, பன்னிரண்டு குட்டிக் கம்பளித் தொப்பிகள். இழுப்பறைகளை உருவி, ஓடுகிற பாதை நெடுக மெழுகைத் தேய்த்தாள். ஒவ்வோர் இழுப்பறையின் நாலு மூலையிலும் ஒவ்வொரு தொப்பியை மாட்டி அழுத்தினாள். மூலைக்கென்றே தைத்தது, தபால்காரர் தலையில் நிற்கிறதைவிட அழுத்தமாக நின்றது. சொன்ன மாதிரி இரண்டு நிமிஷத்தில் முடியவில்லை, ஐந்து ஆயிற்று. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"இப்ப இழுத்துப் பாருங்கம்மா."

அம்மாள் இழுத்தார். தள்ளினார். வேகமாக இழுத்து வேகமாகத் தள்ளினார். நன்றாக உண்டவர் நாற்காலியில் சாய்கிற மாதிரி ஒரு சின்ன 'ம்ம்' கேட்டது, அவ்வளவுதான். மூன்று இழுப்பறைகளையும் அப்படியே சோதித்தார். நல்லது என்று வாயால் சொல்லிவிடுகிற ரகம் இல்லை அவர். எழுந்து தன் பழைய மர மேசைக்குப் போனார். சீப்பு, மாத்திரை டப்பா, அரையாகத் தின்ற பிஸ்கட் பாக்கெட், இரண்டு கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து புது மேசையின் மேல் இழுப்பறையில் அடுக்கினார். பூட்டினார். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் புத்தகத்தை எடுத்துவரப் போனார்.

மீதி முப்பத்தொன்பதும் ஒன்றரை மாதத்தில் போய்ச்சேர்ந்தன. மேசை ஒவ்வொன்றும் பட்டறையை விட்டு வெளியேறும் முன் தங்கை ஒரு தட்டு, ஓர் இழுப்பு, ஒரு தள்ளு. அவள் தலையாட்டினால்தான் வண்டியில் ஏறும். தூளையும் விடவில்லை, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சின்னண்ணன் பந்தயம் கட்டி, வாரத்தில் நாலு நாள் தோற்றார். அண்டா மாதிரி அதிர்ந்த முதல் மேசை பட்டறை வாசலிலேயே தங்கிவிட்டது. சாப்பாட்டு நேரம் வந்தால் பெரியண்ணி அகப்பையால் அதன் மேல் மூன்று போடு போடுவார். பட்டறையில் பதினாலு பேருக்கும் எட்டுகிற ஒரே சத்தம் அதுதான்.

ஆபீசிலிருந்து பணம் முழுவதும் வந்த அன்று மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து கணக்கை எழுதினார்கள். தொப்பிக்காரர் பில்லோடு வந்தார். நாற்பது மேசைக்குக் கம்பளி, நானூற்று எண்பது குட்டித் தொப்பி.

சின்னண்ணன், "மாப்பிள்ளை, குடும்பத்துக்குள்ள என்ன பில்லு?" என்றார். தொப்பிக்காரர் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். ஒரு புன்சிரிப்போடு மனைவி பக்கம் திரும்பினார். அவள் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுவாள்.

தங்கை பில்லை வாங்கினாள். மேலிருந்து கீழாகப் படித்தாள். ஒரு குட்டித் தொப்பியை விரலில் மாட்டித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, கட்டை விரல் தொப்பிக்கு முழுத் தலைக் கூலியா போட்டிருக்கீங்க?"

"ஏய், ரெண்டு மாசம் முன்னாடி நீ என் பக்கம்தான இருந்தே?"

"ரெண்டு மாசம் முன்னாடி எனக்குப் பங்கு இல்லீங்க."

அண்ணன்மார் இரண்டு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்த சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. தொப்பிக்காரர் தொப்பிக் கூலியில் கால்வாசி குறைத்தார். கல்யாணப் பெட்டி வந்தால்தான் குறைத்தது செல்லும் என்று நிபந்தனை போட்டார். தங்கை அதற்கும் தலையாட்டிவிட்டு, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதினாள்:

செய்த மேசை நாற்பத்தொன்று.
கொடுத்தது நாற்பது. வாசலில் நிற்பது ஒன்று. திரும்பி வந்தது இல்லை.
செலவு போக நின்றது மூன்று பாகம்: பெரியண்ணன் ஒன்று, சின்னண்ணன் ஒன்று, நான் ஒன்று.
தொப்பிக் கடைக்குக் கொடுக்க வேண்டியது: நாற்பது மேசைக்குக் கம்பளி விலை, நானூற்று எண்பது குட்டித் தொப்பிக்கு முக்கால் கூலி, பதினோரு வருஷமாக நிற்கிற பெட்டி ஒன்று. பாக்கி.